மூன்று மணி நேரமும் இருநூறு வினாக்களும்

தேர்வறையில் எல்லோருக்கும் அளந்து கொடுக்கப்படுவது ஒரே நேரம்தான். செல்வர் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நிமிடம் கூடுதலாகவும், கூலி வேலை செய்பவர் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நிமிடம் குறைவாகவும் எவரும் தருவதில்லை. ஆயினும் இறுதி மணி அடித்து விடைத்தாளை வாங்கும்போது ஒருத்தி எல்லா வினாக்களையும் பார்த்து முடித்திருக்கிறாள். இன்னொருத்தி இருபது வினாக்களைத் தொடாமலே கண்ணீரோடு வெளியே வருகிறாள். இருவரும் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் படித்தவர்கள். அப்படியானால் வேறுபாடு எங்கே வந்தது?

"அவள் வேகமாகக் கணக்குப் போடுவாள்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கையின் விரைவு மட்டும் வேகம் ஆகிவிடாது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது, எதை விட்டுவிடுவது என்பதைத் தேர்வுக்கு முன்பே தீர்மானித்து வைத்திருப்பவளே வேகமானவள். அந்தத் தீர்மானத்தை எப்படிச் செய்வது என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

நமக்கும் இத்தேர்வுக்கும் என்ன தொடர்பு?

அரசுப் பணித் தேர்வு என்றதும், "அதெல்லாம் கல்லூரி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவியர் எண்ணுவதுண்டு. ஆனால் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தொகுதி நான்கு தேர்வுக்கு அடிப்படைக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே. 18 வயது நிறைந்தால் இளநிலை உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் பணிக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வினாக்களின் தரமும் பத்தாம் வகுப்புத் தரமே. ஆகவே நம் கையில் இன்று இருக்கும் கணிதப் புத்தகமே அத்தேர்வின் புத்தகம். இன்று வகுப்பில் கவனமாகப் போடும் தனிவட்டிக் கணக்கு, நான்கு ஆண்டுகள் கழித்து நமக்கு ஊதியம் பெற்றுத் தரும் கணக்காக மாறலாம்.

இந்த வாசல் நமக்கு எளிதில் திறந்ததன்று. பணியாளரைப் பரிந்துரையால் அன்றித் தேர்வால் தெரிந்தெடுக்கும் முறை வேரூன்றப் பல ஆண்டுகள் ஆயின. சென்னை மாகாணத்தில் 1929-ஆம் ஆண்டு பணியாளர் ஆணையம் அமைக்கப்பட்டது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. ஆனால் தேர்வில் வென்ற பெண்ணுக்கும் வேறு தடைகள் இருந்தன. 1951-ஆம் ஆண்டு இந்திய ஆட்சிப் பணிக்குத் தெரிவு பெற்ற முதற் பெண்மணி அன்னா ராஜம் ஜார்ஜ். கேரளத்தில் பிறந்து, கோழிக்கோட்டிலும் பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். பெண்களுக்கு வேறு பணிகளே பொருத்தம் என்று நேர்முகத் தேர்வில் அவரிடம் எடுத்துரைக்கப்பட்டது. அவர் இசையவில்லை. திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்ற நிபந்தனையும் அவருடைய நியமன ஆணையில் இருந்தது. அந்த விதி பின்னர் மாற்றப்பட்டது. அவர் சென்னை மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்டு, ஒசூரில் சார் ஆட்சியராகப் பணிபுரிந்தார். 1989-ஆம் ஆண்டு பத்ம பூஷண் விருது பெற்றார். அதே 1989-இல்தான் தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு இடஒதுக்கீடு கொண்டுவரப்பட்டது.

நமக்கு முன் சென்றவர்கள் திறந்துவைத்த வாசல் இது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் "இனி என்ன?" என்ற கேள்வி நம்மில் பலருடைய வீட்டில் எழும். கல்லூரிக் கட்டணத்துக்கு வழி இல்லாத வீட்டிலும், "படித்தது போதும்" என்று பெரியவர்கள் சொல்லிவிடும் வீட்டிலும், தன் முயற்சியால் பெற்ற ஓர் அரசுப் பணி அந்தப் பெண்ணின் வாழ்வையே திருப்பிவிடும். அவள் மேலே படிக்கலாம். தங்கையைப் படிக்க வைக்கலாம். பெற்றோருக்குத் துணை நிற்கலாம். அத்தகைய வாய்ப்பு, கணக்குத் தெரிந்திருந்தும் நேரம் போதவில்லை என்ற ஒரே காரணத்தால் கை நழுவிப் போகலாமா?

வினாத்தாளை அறிந்துகொள்வோம்

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடைபெற்ற தொகுதி நான்கு தேர்வை எடுத்துக்கொள்வோம். வினாக்கள் 200. மதிப்பெண்கள் 300. நேரம் 3 மணி. அதாவது வினா ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண். இவற்றுள் 100 வினாக்கள் தமிழ். 75 வினாக்கள் பொது அறிவு. 25 வினாக்கள் திறனறிவு. தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 மதிப்பெண் பெற்றால்தான் மற்றப் பகுதி திருத்தப்படும். மொத்தத்தில் குறைந்தது 90 மதிப்பெண் பெற வேண்டும்.

3 மணி என்பது 180 நிமிடம், 10,800 விநாடி. இதை 200 வினாக்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 54 விநாடி கிடைக்கும். இந்த 54 என்ற எண்ணைப் பார்த்துத்தான் பலர் அஞ்சுகின்றனர். "ஒரு கணக்கை 54 விநாடியில் எப்படிப் போடுவது?" என்று கேட்கின்றனர். அது வெறும் சராசரிதான். எல்லா வினாக்களும் ஒரே நேரத்தைக் கேட்பதில்லை. எதிர்ச்சொல்லைக் கண்டுபிடிக்க 54 விநாடி தேவையில்லை. கூட்டு வட்டிக்கு அது போதாது. ஆகவே நேரத்தை நாம் இப்படிப் பங்கிடலாம்:

தமிழ்: 100 வினாக்கள், ஒன்றுக்கு 30 விநாடி. ஆக 50 நிமிடம்.

பொது அறிவு: 75 வினாக்கள், ஒன்றுக்கு 40 விநாடி. ஆக 50 நிமிடம்.

திறனறிவு: 25 வினாக்கள், ஒன்றுக்கு 2 நிமிடம். ஆக 50 நிமிடம்.

மொத்தம் 150 நிமிடம். எஞ்சுவது 30 நிமிடம். ஒரு வட்டத்தைக் கருமையாக்க 5 விநாடி எனக் கொண்டால் 200 வட்டங்களுக்கு 1,000 விநாடி, அதாவது ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். அது போகவும் 13 நிமிடம் சரிபார்க்க மிஞ்சும்.

பார்த்தீர்களா! நேரம் போதாது என்று அஞ்சிய நமக்கு நேரம் மிஞ்சவும் செய்கிறது. தமிழில் சேமித்த விநாடிகள்தாம் கணக்கில் செலவாகின்றன. தமிழ்ப் பாடத்தைப் பழுதறப் படித்தவளுக்குக் கணக்குப் போடவும் நேரம் கிடைக்கும் என்பது இதனால் விளங்கும்.

"திறனறிவில் 25 வினாக்கள்தானே, மொத்தம் 37½ மதிப்பெண்தானே, விட்டுவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். பல இலட்சம் பேர் எழுதும் தேர்வில் ஒரே ஒரு வினா பல நூறு பேரை முன்னே தள்ளிவிடும். மேலும், நடப்புச் செய்திகள் ஆண்டுதோறும் மாறும். விழுக்காடும் விகிதமும் மாறுவதில்லை. ஒருமுறை உறுதியாகக் கற்றால் எல்லாத் தேர்வுக்கும் உதவும்.

முதற் பாடம்: மூன்று சுற்று

திறனறிவுக்கென ஒதுக்கிய 50 நிமிடத்தை மூன்று சுற்றாகப் பிரித்துக்கொள்வோம்.

முதற் சுற்றில் 25 வினாக்களையும் வரிசையாகப் படிக்க வேண்டும். படித்தவுடனே வழி தெரிகின்ற கணக்கை மட்டும் அப்போதே போட வேண்டும். வழி தெரிந்தாலும் நீளமாகத் தோன்றுவதை இரண்டாம் சுற்றுக்கு வைக்க வேண்டும். வழியே தெரியாததை மூன்றாம் சுற்றுக்குத் தள்ள வேண்டும். வினாத்தொகுப்பில் விடைகளைக் குறிப்பது கூடாது. ஆகவே செய்து பார்ப்பதற்கென விடப்பட்டுள்ள இடத்தில் வினா எண்களை மட்டும் இரண்டு வரிசையாக எழுதிக்கொண்டால் போதும்.

இதில் ஒரு கண்டிப்பு வேண்டும். ஒரு கணக்கில் இறங்கி இரண்டு நிமிடம் ஆகியும் முடிவு தெரியவில்லை என்றால் அதை விட்டு எழுந்துவிட வேண்டும். இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். "இவ்வளவு நேரம் போட்டாயிற்று, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று மனம் இழுக்கும். நன்றாகப் படிக்கும் மாணவியர்தாம் இந்த வலையில் அதிகம் சிக்குகிறார்கள். விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. ஆனால் கடினமான கணக்குக்கும் ஒன்றரை மதிப்பெண்தான். எளிய கணக்குக்கும் ஒன்றரை மதிப்பெண்தான். ஒரு கடினக் கணக்கோடு ஆறு நிமிடம் மல்லுக்கு நின்றால், பின்னே காத்திருக்கும் மூன்று எளிய கணக்குகள் பறிபோகும்.

இரண்டாம் பாடம்: நீண்ட வழியும் நேர் வழியும்

பாடத்திட்டத்தில் உள்ளவை சுருக்குதல், விழுக்காடு, மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம், தனிவட்டி, கூட்டு வட்டி, பரப்பு, கொள்ளளவு, காலமும் வேலையும், எண் வரிசை, பகடை, புதிர் முதலியன. இவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, பொருள் உணர்ந்து போட்டால் எப்படிச் சுருங்குகிறது என்று காண்போம்.

விழுக்காடு: 640-இல் 37½ விழுக்காடு எவ்வளவு? 640-ஐ 37.5-ஆல் பெருக்கி 100-ஆல் வகுப்பது நீண்ட வழி. 12½ விழுக்காடு என்பது எட்டில் ஒரு பங்கு என்று அறிந்தவள், 37½ என்பது எட்டில் மூன்று பங்கு என உடனே அறிவாள். 640-இல் எட்டில் ஒன்று 80. மூன்று பங்கு 240. அவ்வளவே. 50 என்பது அரை, 25 என்பது கால், 20 என்பது ஐந்தில் ஒன்று, 16⅔ என்பது ஆறில் ஒன்று, 33⅓ என்பது மூன்றில் ஒன்று. இவற்றை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

ஏற்றமும் இறக்கமும்: ஒரு பொருளின் விலை 20 விழுக்காடு ஏறி, பின் 20 விழுக்காடு இறங்கினால் முதல் விலையே வருமா? வராது. விலை 100 ரூபாய் என்று கொள்வோம். ஏறியபின் 120. இப்போது 20 விழுக்காடு என்பது 120-க்குக் கணக்கிட வேண்டியது, அது 24. ஆகவே இறுதி விலை 96. நான்கு விழுக்காடு குறைவு. விலை கொடுக்கப்படாத கணக்குகளில் 100 என்று வைத்துக்கொள்வது எப்போதும் உதவும்.

காலமும் வேலையும்: ஒரு வேலையை ஒருத்தி 12 நாளிலும் மற்றொருத்தி 15 நாளிலும் முடிப்பர். இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? பின்னங்களைக் கூட்டத் தொடங்கினால் நேரமாகும். 12, 15 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 60. மொத்த வேலை 60 கூடை முடைவது என்று வைத்துக்கொள்வோம். முதலாமவள் நாளொன்றுக்கு 5 கூடை. இரண்டாமவள் 4 கூடை. சேர்ந்து 9 கூடை. 60-ஐ 9-ஆல் வகுத்தால் 6⅔ நாள். பின்னம் இறுதியில்தான் வந்தது.

மீச்சிறு பொது மடங்கு: மூன்று மணிகள் முறையே 6, 8, 12 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒலிக்கின்றன. காலை 9 மணிக்கு ஒன்றாக ஒலித்தால், மீண்டும் எப்போது ஒன்றாக ஒலிக்கும்? பெரிய எண்ணின் மடங்குகளைச் சொல்லிப் பார்த்தால் போதும். 12: இது 8-ஆல் வகுபடாது. 24: இது 8-ஆலும் 6-ஆலும் வகுபடும். ஆகவே 9 மணி 24 நிமிடம்.

வட்டி: 5,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு வீதம் இரண்டு ஆண்டுகளுக்குக் கூட்டு வட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வேறுபாடு என்ன? இரண்டையும் தனித்தனியே கண்டு கழிப்பவர் பலர். சற்றே சிந்திப்போம். முதல் ஆண்டில் இரு வட்டியும் சமம், 400 ரூபாய். இரண்டாம் ஆண்டில் கூட்டு வட்டியில் அந்த 400 ரூபாய்க்கும் வட்டி சேர்கிறது. 400-க்கு 8 விழுக்காடு 32. அதுவே வேறுபாடு. கூட்டு வட்டி என்றால் வட்டிக்கு வட்டி என்ற பொருளை உணர்ந்தவளுக்குச் சூத்திரமே வேண்டியதில்லை.

எண் வரிசை: 2, 6, 12, 20, 30, அடுத்தது என்ன? முதலில் வேறுபாடுகளை எழுதிப் பார்க்க வேண்டும்: 4, 6, 8, 10. அடுத்த வேறுபாடு 12. விடை 42. வேறுபாட்டில் ஒழுங்கு தெரியாவிட்டால் பெருக்கல், வர்க்கம், கனம் என்று வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

இந்த வழிகள் எல்லாம் மாயம் அல்ல. ஒவ்வொன்றும் நாம் வகுப்பில் கற்ற பொருளிலிருந்தே பிறந்தவை. பொருள் தெரியாமல் குறுக்கு வழியை மட்டும் மனப்பாடம் செய்தால், வினா சற்றே மாறியவுடன் வழி அடைபட்டுவிடும்.

மூன்றாம் பாடம்: கடைசி வரியை முதலில் படி

ஒரு வினா: தாய், மகள் வயதுகளின் விகிதம் 5 : 2. வயதுகளின் கூடுதல் 49. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மகளின் வயது என்ன? விடைகள்: 14, 19, 35, 40.

மொத்தம் ஏழு பங்கு. ஒரு பங்கு 7. மகளின் வயது 14. அவசரக்காரி 14-ஐப் பார்த்தவுடன் மகிழ்ச்சியோடு வட்டத்தைக் கருமையாக்கிவிடுவாள். கேட்கப்பட்டதோ ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உள்ள வயது. சரியான விடை 19. தாயின் இன்றைய வயது 35, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 40 ஆகியவையும் விடைகளில் வைக்கப்பட்டுள்ளன. வினா அமைப்பவர் நாம் எங்கெங்கே தவறுவோம் என்பதை முன்பே அறிந்து அங்கங்கே ஒரு விடையை வைக்கிறார். ஆகவே என்ன கேட்கிறார்கள் என்ற கடைசி வரியை முதலில் படித்து, பிறகு மேலே உள்ள விவரங்களைப் படிப்பது நலம். பதறாத காரியம் சிதறாது என்பது தேர்வறைக்கும் பொருந்தும்.

நான்காம் பாடம்: விடைகளே துணை

நான்கு விடைகளும் கண்முன் இருக்கும்போது, சில கணக்குகளைப் பின்னிருந்து முன்னே போடலாம். 5, 6, 8 ஆகியவற்றால் வகுத்தால் ஒவ்வொரு முறையும் மீதி 3 வரும் எண் பின்வருவனவற்றுள் எது? 93, 123, 183, 203. ஒவ்வொன்றிலும் 3-ஐக் கழித்தால் 90, 120, 180, 200. இவற்றில் 90-ம் 180-ம் 8-ஆல் வகுபடா. 200 என்பது 6-ஆல் வகுபடாது. எஞ்சியது 120. ஆகவே விடை 123. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஐந்தாம் பாடம்: வட்டத்தில் கவனம்

கணக்கைச் சரியாகப் போட்டும், விடைத்தாளில் 57-ஆம் வினாவின் விடையை 58-இல் குறித்துவிட்டால் உழைப்பு வீண். ஒரு வட்டம் தவறினால் அடுத்தடுத்து எல்லாம் தவறும். ஒவ்வொரு பத்தாவது வினாவிலும் வினா எண்ணையும் வட்டத்தின் எண்ணையும் ஒத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். முதற் சுற்றில் வினாக்களைத் தாண்டிச் செல்லும்போது இந்தக் கவனம் இரு மடங்கு வேண்டும். கறுப்பு மைப் பந்துமுனைப் பேனா இரண்டு எடுத்துச் செல்வது நலம்.

இத்தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆயினும் எந்த வினாவையும் வெறுமையாக விடக்கூடாது. விடை தெரியாதபோது குறிப்பதற்கென்றே ஐந்தாவது வட்டம் ஒன்று தரப்படுகிறது. விதிகள் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறக்கூடும். ஆகவே அந்தந்த ஆண்டு அறிவிப்பை முழுதும் படித்துவிட்டே தயாராக வேண்டும்.

ஆறாம் பாடம்: வீட்டில் பயிற்சி

தேர்வுக்கு முன் 12 வாரம் இருப்பதாகக் கொள்வோம். முதல் நான்கு வாரம் கடிகாரத்தை மறந்துவிட்டு, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள கணிதப் புத்தகங்களில் தலைப்புத் தலைப்பாகப் படிக்க வேண்டும். தெளிவு வரும் முன்னே வேகத்தைத் தேடினால் தவறே பழக்கமாகிவிடும். அடுத்த நான்கு வாரம் நாள்தோறும் 25 வினாக்கள், 50 நிமிடம். கடிகாரம் எதிரே இருக்கட்டும். கணிப்பானைத் தொடவே கூடாது. தேர்வறையில் அதற்கு இடமில்லை. கடைசி நான்கு வாரம், வாரம் ஒருமுறை முழு வினாத்தாள். உண்மைத் தேர்வு முற்பகல் 9.30 முதல் 12.30 வரை நடப்பதால், சனிக்கிழமைகளில் அதே நேரத்தில் எழுந்திருக்காமல் எழுதிப் பழக வேண்டும். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களைத் தேர்வாணையமே தன் இணையதளத்தில் வெளியிட்டுள்ளது.

ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் தவறுகளை ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்தியாக எழுதுவோம்: தெரியாமல் விட்டவை, தெரிந்தும் தவறியவை, நேரமின்றி விட்டவை. முதற் பத்தி நீண்டால் பாடத்தைப் படிக்க வேண்டும். இரண்டாம் பத்தி நீண்டால் நிதானம் வேண்டும். மூன்றாம் பத்தி நீண்டால்தான் வேகப் பயிற்சி வேண்டும். நோய் அறியாமல் மருந்து உண்பவர் உண்டா?

இங்கே பெற்றோருக்கும் ஒரு சொல். தண்ணீர் பிடிக்கவும், தம்பியைக் கவனிக்கவும், கடைக்குப் போகவும் வீட்டில் முதலில் அழைக்கப்படுவது பெண்பிள்ளையே. வீட்டு வேலை இழிவன்று. நாம் அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் ஐம்பது நிமிடத்தில் நான்கு முறை எழுந்து போனவள் நேரத்தை ஆளப் பழகுவது எங்ஙனம்? நாளில் ஒரு மணி நேரம் எவரும் அழைக்காத நேரமாக மகளுக்கு இருக்கட்டும். பணம் செலவில்லாத இந்த உதவி, விலை உயர்ந்த பயிற்சி வகுப்பைவிடப் பெரிது. பயிற்சி வேண்டுவோர்க்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் வாயிலாகக் கட்டணமின்றி வகுப்புகள் நடத்தப்படுகின்றன. அங்கே கேட்டு அறியலாம்.

இன்னும் ஒரு படி மேலே

பட்டம் பெற்றபின் இந்திய ஆட்சிப் பணித் தேர்வு எழுத விரும்புவோர்க்கும் இதே பாடம் பயன்படும். அதன் முதனிலைத் தேர்வில் திறனறிவுத் தாள் 2011-ஆம் ஆண்டு முதல் உள்ளது. 80 வினாக்கள், 200 மதிப்பெண்கள், 2 மணி நேரம். 2015 முதல் இத்தாளில் 33 விழுக்காடு, அதாவது 66 மதிப்பெண் பெற்றால் போதும் என்று ஆயிற்று. சரியான விடைக்கு 2½ மதிப்பெண். தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்படும்.

இங்கே ஒரு வியப்பான கணக்கு உண்டு. ஒருத்தி 27 வினாக்களுக்கு மட்டும் விடையளித்து அனைத்தும் சரியானால் 67½ மதிப்பெண். இன்னொருத்தி பரபரப்பாக 54 வினாக்களுக்கு விடையளித்து, 34 சரி, 20 தவறு என்றால் 85-இலிருந்து ஏறத்தாழ 16.7 குறைந்து 68.3 மதிப்பெண். இரு மடங்கு ஓடியும் கிடைத்த ஆதாயம் ஒரு மதிப்பெண்ணுக்கும் குறைவே!

கண்மூடித்தனமான ஊகமும் இப்படித்தான். 12 வினாக்களுக்குக் குருட்டாம்போக்கில் விடை குறித்தால், சராசரியாக 3 சரியாகி 7½ மதிப்பெண் வரும். 9 தவறாகி அதே 7½ போய்விடும். மிஞ்சுவது சுழியம். ஆனால் ஒவ்வொரு வினாவிலும் ஒரு விடை தவறென்று உறுதியாக நீக்கிவிட்டால், சராசரியாக 4 சரியாகி 10 மதிப்பெண் வரும். 8 தவறாகி ஏறத்தாழ 6.7 போகும். 3.3 மிஞ்சும். ஆக, ஒரு விடையையேனும் நீக்க இயலாத வினாவை விட்டுவிடுவதே அறிவுடைமை.

பயிற்சிக்கு ஆறு கணக்குகள்

கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு 12 நிமிடத்தில் முடிக்க முயலுங்கள்.

1. 560-இல் 62½ விழுக்காடு எவ்வளவு?

2. ஒரு தொட்டியை ஒரு குழாய் 10 மணியிலும் மற்றொரு குழாய் 15 மணியிலும் நிரப்பும். இரண்டும் சேர்ந்தால் எத்தனை மணி?

3. 3, 8, 15, 24, 35, அடுத்த எண் என்ன?

4. 2,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் இரண்டு ஆண்டுகளில் கூட்டு வட்டிக்கும் தனிவட்டிக்கும் வேறுபாடு என்ன?

5. ஒரு செவ்வகத்தின் நீளம் 10 விழுக்காடு கூடி, அகலம் 10 விழுக்காடு குறைந்தால் பரப்பு எவ்வாறு மாறும்?

6. மூன்று மணிகள் 4, 6, 9 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒலிக்கும். 10 மணிக்கு ஒன்றாக ஒலித்தால் மீண்டும் எப்போது ஒன்றாக ஒலிக்கும்?

விடைகள்: (1) 350. (2) 6 மணி. (3) 48. (4) 20 ரூபாய். (5) 1 விழுக்காடு குறையும். (6) 10 மணி 36 நிமிடம்.

மாணவியரே! ஆறும் சரியாக வந்தால் மகிழுங்கள். இரண்டு தவறினாலும் சோர்ந்துவிட வேண்டாம். எந்தப் பத்தியில் எழுத வேண்டிய தவறு என்று பாருங்கள். வெற்றி தேர்வு நாளன்று அந்த மூன்று மணி நேரத்தில் மட்டும் கிடைப்பதன்று. அதற்கு முன் வீட்டில் அமைதியாகக் கழித்த ஐம்பது ஐம்பது நிமிடங்களின் பயன் அது. இந்த மலரை மூடி வைத்ததும் கணிதப் புத்தகத்தைத் திறவுங்கள். இன்றைக்கு ஐம்பது நிமிடம் போதும்.